உங்களுக்குத் தெரியுமா? நரம்பு வழியே ஒரு செய்தி

● நரம்பில் செய்தி போகும் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று 19ஆம் நூற்றாண்டின் பெரிய உடலியல் அறிஞர் யோகான்னஸ் முல்லர் நினைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் நடந்து முடிகிற காரியத்தை எந்தக் கடிகாரத்தால் பிடிப்பது? அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1849-50இல் தவளைக் காலை வைத்து அதைப் பிடித்துவிட்டார். நரம்பைத் தசைக்குப் பக்கத்தில் ஒரு முறை தூண்டினார். சில சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு முறை தூண்டினார். இரண்டாவது முறை தசை ஒரு பொடி நேரம் பிந்தித் துடித்தது. அந்தப் பொடி நேரத்தைத் தூரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். ஒளியோடு போட்டி போடும் என்று நினைத்தது, நல்ல சாலையில் போகிற கார் வேகம்தான் என்று தெரிந்தது.

● மனித உடம்பில் அதைவிட வேகமானவை உண்டு. தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் தடித்த இழைகள் விநாடிக்கு 120 மீட்டர் வரை தொடும். மணிக்கு 432 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயில் தோற்றுவிடும். ஆனால் செம்புக் கம்பியில் மின்சைகை போகும் வேகத்தின் பக்கத்தில் வைத்தால் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் மந்தம். ‘நரம்பு என்பது உடம்பின் மின்கம்பி’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க இதுவே போதும்.

● கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் வலி இரண்டு தவணையாக வரும். முதலில் ‘சுரீர்’. பெரிய அடி இல்லை என்று காலை ஊன்றப் போகும்போது விண்விண்ணென்று அடுத்தது. இரண்டும் ஒரே கணத்தில் கிளம்பியவைதான். வந்த வழி வேறு. முன்னது மெல்லிய உறை போர்த்திய இழையில் வந்தது, விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர். பின்னது உறையே இல்லாத இழையில், விநாடிக்கு அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர். அதாவது, ஆள் நடக்கிற வேகம்.

● சரி, நரம்பில் ஓடுவதுதான் என்ன? ஒரு முனையில் புறப்பட்ட எதுவும் மறுமுனைக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் இதில் பலருக்குத் தெரியாத சங்கதி. நரம்பணுவின் நீண்ட வால் போன்ற பகுதிக்கு ஆக்சான் என்று பெயர். அதன் வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். தூண்டல் வந்ததும் சவ்வில் ஓர் இடத்தில் மிக நுண்ணிய கதவுகள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. அங்கே ஏற்படும் மின்னழுத்த மாற்றம் பக்கத்துக் கதவுகளைத் திறக்கிறது. பிறகு அதற்கும் பக்கத்தில். தீபாவளிச் சரவெடியைப் போலத்தான்: நெருப்பு நெடுக ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு வெடியும் தன் மருந்தில்தான் வெடிக்கிறது. அதனால் விரல் நுனியில் கிளம்பிய செய்தி, தோள் வரை வந்தும் சக்தி குறையாமல் இருக்கிறது. ஓர் இடத்தில் இந்தக் கூத்து முழுக்க நடந்து முடிய ஆகும் நேரம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு விநாடி. அடுத்த கணமே அந்த இடம் மறு வெடிக்குத் தயார். சரவெடிக்கு அந்த வசதி கிடையாது.

● சும்மா இருக்கும் நரம்பணுவின் உள்பக்கம், வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். டார்ச் லைட் பேட்டரி 1,500 மில்லிவோல்ட். இது ஒரு பொருட்டா என்று கேட்காதீர்கள். சவ்வின் தடிமனே 7, 8 நானோமீட்டர்தான். அந்த மெல்லிய இடைவெளிக்குள் அடங்கிய மின்புலத்தை மீட்டருக்குக் கணக்கிட்டால் ஒரு கோடி வோல்ட் வரும். காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும்.

● உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளவும், வெளியேறிய பொட்டாசியத்தைத் திரும்ப இழுக்கவும் சவ்வில் ஒரு பம்பு ஓயாமல் வேலை செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ 1957இல் இதைக் கண்டறிந்தார். நோபல் பரிசு வர 1997 ஆனது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்கிறது என்றால், அதில் பெரும்பங்கு இந்தப் பம்புக்குத்தான் போகிறது. தூங்கும்போதும் பம்பு நிற்பதில்லை.

● இவ்வளவும் நமக்குத் தெரிந்ததற்கு ஊசிக்கணவாய்க்கு நன்றி சொல்ல வேண்டும். ஆபத்து என்றால் நீரைப் பீய்ச்சியடித்துப் பின்பக்கமாகப் பாய்ந்து தப்பிக்கும் இந்த மீனுக்கு (மீன் இல்லை, மெல்லுடலி, ஆனால் சந்தையில் யார் பார்க்கிறார்கள்?) அந்தப் பாய்ச்சலை நடத்த ஒரு ராட்சத ஆக்சான் இருக்கிறது. மனித ஆக்சான்கள் தடிமனில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு. கணவாயுடையது அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை, வெறுங்கண்ணுக்கே தெரியும். ஜே.இசட். யங் என்ற விலங்கியலாளர் 1936இல் அது நரம்புதான் என்று உறுதிப்படுத்தினார். அதற்குள் கம்பியையே நுழைக்கலாம் என்று ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கண்டார்கள். இங்கிலாந்தின் பிளிமத் கடலோர ஆய்வுக்கூடத்தில் 1939 கோடையில் அவர்கள் முதல் அளவைப் பதிவு செய்த சில வாரங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஆய்வு அப்படியே நின்றது. போர் முடிந்து வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள்.

1952இல் அவர்கள் வெளியிட்ட சமன்பாடுகள் இன்றும் நரம்பியலின் அடித்தளம். அவற்றுக்கு விடை காணும் சமயத்தில் கேம்பிரிட்ஜின் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாரக்கணக்கில் சுற்றி அவர் பெற்ற விடை: கணவாய் நரம்பில் செய்தியின் வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர். சோதனையில் அளந்தது 21.2 மீட்டர். தாளில் போட்ட கணக்கு உயிருள்ள நரம்புக்கு இத்தனை அருகில் வந்தது உயிரியலில் அபூர்வம். 1963இல் இருவருக்கும், ஜான் எக்கிள்ஸ் என்பவருக்கும் நோபல் கிடைத்தது.

● மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அறைந்தாலும் ஒற்றை நரம்பிழையில் போகும் துடிப்பின் உயரம் ஒன்றேதான். பெரிய துடிப்பு, சிறிய துடிப்பு என்று கிடையாது. பிறகு அறையை அறை என்று மூளை எப்படி அறிகிறது? துடிப்புகள் அடுத்தடுத்து எத்தனை நெருக்கமாக வருகின்றன, எத்தனை இழைகளில் சேர்ந்து வருகின்றன என்பதை வைத்துத்தான். எட்கர் ஏட்ரியன் இதைக் கண்டுபிடித்து 1932இல் நோபல் பெற்றார். பார்வை, ஓசை, வாசனை எல்லாமே உள்ளே ஒரே மாதிரித் துடிப்புகள்தாம். எந்த நரம்பில் வந்தது என்பதே செய்தி. கண்ணை மூடி ஓரத்தில் லேசாக அழுத்தினால் ஒளிவட்டம் தெரிவது அதனால்தான். விழித்திரையை அழுத்தினாலும் பார்வை நரம்புக்கு ஒளி என்று சொல்ல மட்டுமே தெரியும்.

● நரம்பில் வேகத்தைப் பெருக்குவது எப்படி? கணவாய் நரம்பைத் தடிமனாக்கியது. முதுகெலும்புள்ள உயிர்கள் வேறு தந்திரம் செய்தன: நரம்பிழையைச் சுற்றிக் கொழுப்பாலான மையலின் உறை, நடுநடுவே மட்டும் உறையில்லாத சிறு இடைவெளி. பிரான்ஸின் லூயி ரான்வியர் 1870களில் பார்த்ததால் அவை ரான்வியர் கணுக்கள். சோடியம் கதவுகள் பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. எனவே துடிப்பு ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவிப் போகிறது. ஒரு மில்லிமீட்டர் கணவாய் ஆக்சான் தரும் வேகத்தை, நம் உடம்பில் அதன் நூற்றில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத இழை தருகிறது. இந்த ஏற்பாடு இல்லாமல் நம் தண்டுவடம் முதுகெலும்புக்குள் அடங்கியிருக்காது. பிறக்கும்போது இந்த உறை முழுதாகப் போர்த்தப்பட்டிருப்பதில்லை. குழந்தை தலை நின்று, தவழ்ந்து, நடக்கும் மாதங்களில் வேலை மும்முரமாக நடக்கிறது.

● உறை அரிக்கப்பட்டால் செய்தி தடுமாறும். கில்லன் பாரே நோயில் உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே பெரும்பாலும் இந்த உறையைத் தாக்குகிறது. காலில் தொடங்கும் பலவீனம் மேலே ஏறி, சிலருக்கு மூச்சுவரை போய்விடும். நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் எழுந்து நடந்துவிடுகிறார்கள்.

● குளிர்ந்த கையில் நரம்பு மந்தமாகிறது. தோலின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வேகம் விநாடிக்கு இரண்டு மீட்டர் அளவுக்குக் குறையும். நரம்பு வேகப் பரிசோதனைக்குப் போனால், ஏசி அறையில் சில்லிட்டிருக்கும் கையை முதலில் சூடுபடுத்தச் சொல்வது இதற்காகத்தான். கையில் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேலும், காலில் 40க்கு மேலும் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை.

● ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பு, மூளையடியிலிருந்து கழுத்து நெடுக இறங்கி, இதயத்துக்கு மேலுள்ள பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்து நெடுக ஏறிப் போகிறது. சில அங்குலத்தில் முடிய வேண்டிய பயணத்துக்குச் சுமார் நாலரை மீட்டர். நமக்கும் அதே சுற்றுவழிதான், கழுத்து குட்டை என்பதால் தெரியவில்லை.

● ஒரு நரம்பணுவும் அடுத்த நரம்பணுவும் பெரும்பாலும் தொட்டுக்கொள்வதில்லை. நடுவே 20 நானோமீட்டர் அளவில் ஓர் இடைவெளி. மின்துடிப்பு அங்கே வந்து நின்றுவிடும். அதற்குப் பதில் ஒரு ரசாயனம் கடந்து போகும். இதை நிரூபிக்க வழி கண்டது ஒரு கனவு. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி ஓர் இரவு கனவில் சோதனையைப் பார்த்தார், எழுந்து துண்டுத் தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கினார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. நல்லவேளை, மறுநாள் இரவு அதே கனவு வந்தது. இம்முறை எழுதி வைக்கும் வம்பே வேண்டாம் என்று விடியும் முன்னே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். துடிக்கும் தவளை இதயம் ஒன்றின் நரம்பைத் தூண்ட, துடிப்பு மந்தமானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, நரம்பு நீக்கிய இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மந்தமானது! நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது ஊர்ஜிதம். அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். ஆய்வு 1921இல் வெளியானது. 1936இல் ஹென்றி டேலுடன் நோபலைப் பகிர்ந்தார். யூதரான அவரை 1938இல் நாஜிகள் பிடித்தார்கள். பரிசுப் பணத்தை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே நாட்டை விட்டுப் போக விட்டார்கள்.

● நரம்புக்கும் தசைக்கும் நடுவிலும் இதே போன்ற இடைவெளி உண்டு; அதுதான் விஷங்களுக்குப் பிடித்த இடம். நல்லபாம்பின் நஞ்சு, அசிட்டைல்கோலின் போய் ஒட்ட வேண்டிய தசைப்பக்க ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. செய்தி வருகிறது, வாங்க ஆளில்லை. கட்டுவிரியன் நஞ்சின் முக்கிய வேலை எதிர்ப்பக்கம்: அசிட்டைல்கோலினை வெளியிடும் நரம்பு முனையையே அழிக்கிறது. இங்கே அனுப்பவே ஆளில்லை. அழிந்த முனை மறுபடி முளைக்க நாட்களாகும். அதுவரை மூச்சு விட இயந்திரம் தேவைப்படலாம்.

கட்டுவிரியனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது இரவில் திரியும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இருக்காது. காலையில் வயிற்று வலி, பிறகு கண் இமை தூக்க முடியாமல் சொருகுதல், பேச்சுக் குழறல். ‘ராத்திரி தின்னது ஒத்துக்கலை’ என்று கஷாயம் வைத்துக் கொடுத்து நேரத்தை விட்டவர்கள் உண்டு. இமை தானாக மூடினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கே போடப்படும் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சைத் தருவதில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்குண்டு.

● பூச்சிமருந்து அடிக்கும்போது எச்சில் ஊறி, கண்ணீர் வடிந்து, வியர்த்துக் கொட்டி, பார்வை மங்கினால் அது வெயில் மயக்கம் இல்லாமல் இருக்கலாம். ஆர்கனோ பாஸ்பேட் வகை மருந்துகள், வேலை முடிந்த அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. செய்தி முடிந்தும் முடியாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். தோல் வழியாகவும் ஏறும். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் பரப்பப்பட்ட சாரின் வாயு கொன்றதும் இதே முறையில்தான். மாற்று மருந்து அட்ரோபின், இரண்டுக்கும்.

● நம் வலையில் சிக்கும் பேத்தை மீனை மீனவர்கள் ஒதுக்கிவிடுவது வீண் பயமல்ல. ஊதிப் பருக்கும் இவ்வகை மீன்களின் ஈரலிலும் சினையிலும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். அது சோடியம் கதவை வெளியிலிருந்து அடைக்கிறது. கொதிக்க வைத்தாலும் சாகாத நஞ்சு; மாற்று மருந்து இல்லை. மாலுமி ஜேம்ஸ் குக் 1774இல் பசிபிக் கடலில் இதன் ஈரலைச் சும்மா ருசி பார்த்துவிட்டு, கைகால் மரத்து, கையிலிருக்கும் பொருளின் எடையே தெரியாமல் தவித்தார். மீனுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்றால், அதன் சோடியம் கதவின் அமைப்பே சற்று வேறு.

● பல் டாக்டரின் ஊசியும் அடைப்பது அதே சோடியம் கதவுகளைத்தான், உள்பக்கமிருந்து. ஸ்வீடனில் 1943இல் உருவான லிடோகெய்ன் இன்றும் கோலோச்சுகிறது. வலியைக் கொண்டு போகும் மெல்லிய இழைகள் முதலில் அடங்கும். அழுத்தத்தைச் சொல்லும் தடித்த இழைகள் அவ்வளவு சீக்கிரம் அடங்குவதில்லை. பல்லைப் பிடுங்குவது தெரிகிறது, வலிக்கவில்லை என்று நாம் வியப்பது இதனால். சீழ் வைத்த இடத்தில் ஊசி சரியாக வேலை செய்யாது. அங்கே திசுவில் அமிலம் கூடியிருக்கும், மருந்து சவ்வைக் கடந்து உள்ளே போகாது. முதலில் மாத்திரை கொடுத்து ‘நாலு நாள் கழித்து வாருங்கள்’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

● பச்சை மிளகாய் வாயைச் சுடுவதில்லை. சுட்டதாக நரம்பை நம்ப வைக்கிறது. 43 டிகிரி சூட்டைத் தாண்டினால் திறக்கும் ஒரு கதவு நம் நரம்பு முனைகளில் உண்டு. மிளகாயின் கேப்சைசின் அதைக் குளிர்ந்த வாயிலும் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் 1997இல் கண்டறிந்த இதற்கு 2021இல் நோபல். பறவைகளின் கதவு கேப்சைசினுக்கு மசியாது. கிளி மிளகாயைக் கொறித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும், விதையும் ஊர் ஊராகப் பரவும். எரியும் வாய்க்குத் தண்ணீர் வீண். தயிர் நல்லது.

● சூடான தோசைக்கல்லில் பட்ட கையை இழுத்துக்கொள்வது நீங்கள் அல்ல; உங்கள் தண்டுவடம். மூளைக்கு வலி தெரிவதற்குள் கை வெளியே வந்துவிட்டது.

● ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி வெடித்து 0.1 விநாடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம். காதிலிருந்து மூளைக்கும் மூளையிலிருந்து காலுக்கும் செய்தி போய் வர அதற்கும் குறைவான நேரம் போதாது என்பது விதியின் அடிப்படை. 2022 உலகத் தடகளப் போட்டியில், 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் அமெரிக்காவின் டெவன் ஆலன் 0.099 விநாடியில் கிளம்பி வெளியேற்றப்பட்டார். ஆயிரத்தில் ஒரு விநாடி! வேகமான நரம்பில்கூட அந்த நேரத்தில் செய்தி 12 சென்டிமீட்டர்தான் போகும். விதி கொஞ்சம் மிகையான கெடுபிடி என்றே தோன்றுகிறது.

● அடிபட்ட இடத்தை அம்மா தேய்த்துவிட்டால் வலி குறைவது பாசத்தால் மட்டுமல்ல. தொடுகையைச் சுமக்கும் வேகமான இழைகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியின் வழியை ஓரளவு அடைக்கின்றன என்று மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965இல் கோட்பாடு வகுத்தார்கள். விவரங்கள் பிறகு திருத்தப்பட்டன. அம்மாவின் வைத்தியம் அப்படியே நிற்கிறது.

● முழங்கையின் உள்பக்கம் இடித்தால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறதே, அது எலும்பு வலி இல்லை. அல்நார் நரம்பு அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவே காவல் இல்லாமல் போகிறது. தொழுநோயில் தடித்துப் போகும் நரம்புகளில் இது முக்கியமானது. அதனால் டாக்டர்கள் முதலில் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பார்கள். தொழுநோய்க் கிருமி, மையலின் உறையை உண்டாக்கும் ஷ்வான் செல்களுக்குள்ளேயே குடியேறுகிறது.

இங்கேதான் வேலூர் வருகிறது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்ற நம்பிக்கையைச் சோதித்தார். சதையில் கோளாறு இல்லை. உணர்ச்சி இல்லாததுதான் கோளாறு என்று கண்டார். சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், தெரியவில்லை. ஆணி குத்துகிறது, அதோடு நடக்கிறார்கள். ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடிக்கிறது, காலையில்தான் பார்க்கிறார்கள். அதற்காகப் பூனை வளர்க்கக் கொடுத்ததும் உண்டு. மடங்கிப் போன விரல்களுக்கு நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து மறுபடி வேலை செய்ய வைத்தார். உலகம் முழுதும் தொழுநோய் மறுவாழ்வு இந்த வழியில் திரும்பியது.

● வலியே தெரியாத மனிதர்களும் உண்டு. பாகிஸ்தானின் வடக்கில் ஒரு சிறுவன் கையில் கத்தி குத்திக்கொண்டும் நெருப்புக் கங்கில் நடந்தும் தெருவில் வித்தை காட்டினான். பதினாலு வயது ஆவதற்குள் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவன் உறவினர் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், ஒரு குறிப்பிட்ட சோடியம் கதவின் மரபணு அவர்களிடம் பழுதாகியிருப்பதை 2006இல் வெளியிட்டார்கள். அந்தக் கதவு வலி நரம்புகளுக்கே உரியது என்றால், அதை மட்டும் அடைத்து வலியைப் போக்கலாமே? அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கதவை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி தந்தது. மார்ஃபின் போலப் போதைக்கு அடிமையாக்காது என்பது அதன் மேல் உள்ள எதிர்பார்ப்பு.

● துண்டிக்கப்பட்ட கை வலிக்குமா? வலிக்கும். கை போன பிறகும் மூளையில் அதற்கான இடம் போவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து இதற்கு வழி சொன்னார். இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்து அசைக்கச் சொன்னார். இறுகிக்கிடந்த ‘கை’ தளர்ந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள். செலவு சில ரூபாய்.

● தொட்டாற்சிணுங்கியிலும் மின்துடிப்பு ஓடுகிறது, விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இதை அளக்கப் பல ஆண்டுகள் செலவிட்டார்; 1926இல் தாவரங்களின் நரம்பியக்கம் பற்றி ஒரு நூலே எழுதினார். செடிக்கு நரம்பு உண்டு என்ற அவர் முடிவை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. மின்துடிப்பு உண்டு என்ற அளவீடு நிலைத்துவிட்டது.

● மின்துடிப்பு ஒருபுறமிருக்க, ஆக்சானுக்குள் சரக்குப் போக்குவரத்தும் நடக்கிறது. நரம்பணுவின் உடலில் தயாராகும் பொருள்கள் நுனிக்கும், நுனியிலிருந்து கழிவுகள் உடலுக்கும் ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர் வரை பயணிக்கின்றன. வெறிநாய்க்கடி வைரஸ் இந்த வண்டியில் ஏறித்தான் மூளைக்குப் போகிறது. கடித்த இடத்திலிருந்து மூளைக்குப் போய்ச் சேரப் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். அந்த அவகாசத்தில்தான் தடுப்பூசி உயிரைக் காக்கிறது. முகத்திலோ கழுத்திலோ கடித்தால் வழி குறுகியது, அவகாசமும் குறைவு. நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. கடித்தவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே முதல் ஊசி. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டதே இந்த ஊசிக்காகத்தான்.

● அக்கி ஏன் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போல வருகிறது? சின்ன வயதில் வந்து போன சின்னம்மை வைரஸ் உண்மையில் போவதில்லை. தண்டுவடத்துக்குப் பக்கத்திலுள்ள நரம்பு முடிச்சில் ஒளிந்து கிடக்கிறது. பல பத்தாண்டு கழித்து எழுந்து, அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. பட்டை, அந்த நரம்பு ஆளும் எல்லை. குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர் வழக்கம், எழுதிக்கொள்வதால் குற்றமில்லை. ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவதுதான் பலன் தரும். கண் பக்கம் வந்தால் எழுதப் போகாமல் நேரே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

● வெட்டுப்பட்ட கைநரம்பு மறுபடி வளரும், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில். மணிக்கட்டில் வெட்டு என்றால் விரல் நுனிக்கு உணர்ச்சி வர ஆறேழு மாதம். தோளில் என்றால் வருடம் தாண்டும். தண்டுவடத்துக்குள் அறுந்தது இப்படி வளர்வதில்லை.

● ‘நரம்புத் தளர்ச்சி’ நீக்கும் லேகியம் என்று சுவர் சுவராக விளம்பரம் செய்கிறார்களே, இன்றைய மருத்துவப் புத்தகத்தில் அப்படி ஒரு நோயே இல்லை. உண்மையில் நம் ஊரில் நரம்பைச் சத்தமில்லாமல் தின்பது சர்க்கரை. நீளமான நரம்புகளை முதலில் பிடிக்கும். ஆகவே பாதம்தான் ஆரம்பம். முதுகின் அடியிலிருந்து கால்விரல் வரை ஒரே ஆக்சான் ஒரு மீட்டர் நீளம் போகிறது. அவ்வளவு நீளத்தைப் பராமரிப்பது எளிதல்ல. முதலில் எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு. பிறகு அதுவும் நின்றுவிடும். நின்றதைக் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள்.

சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றி வந்து, பாதம் முழுக்கக் கொப்புளம் போட்டதை வீட்டுக்கு வந்த பிறகே பார்க்கும் சர்க்கரைக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் போதும்; ஐந்து நிமிட வேலை. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். வெயில் நேரத்துப் பிரதட்சிணத்தை மாலைக்குத் தள்ளி வையுங்கள். தினமும் இரவு படுக்கும் முன் உள்ளங்காலை ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். குனிய முடியாதவர்களுக்கு நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.